1.8 விநாடிக்கு ஒருமுறை

சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறவரை "கீறல் விழுந்த ரெக்கார்டு" என்கிறோம். அப்படி ஒரு ரெக்கார்டு வீட்டில் நிஜமாகவே ஓடினால் மனசு என்ன பாடுபடும் என்பது, அப்பா விட்டுப்போன தட்டுகளைப் போட ஆரம்பித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஏறக்குறைய நூற்றிருபது எல்பி தட்டுகள். அவர் அதிகம் கேட்டது அதில் ஒரு வயலின் தட்டு. இரண்டாம் பக்கத்தில் பாதி தூரம் போனதும் வயலின் படிப்படியாக மேலே ஏறும். உச்சியைத் தொடப்போகிற நேரத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். மறுபடியும் கீழ்ப்படியிலிருந்து ஏறும். மறுபடியும் 'டக்'. நான் எழுந்துபோய் ஊசியைத் தூக்கி வைக்கும்வரை அது அங்கேயே நிற்கும்.

அந்தத் தட்டைச் சரிசெய்ய எட்டு மாதம் ஆனது. அதில் பெரும்பகுதி, தட்டில் இல்லாத குறையைத் தட்டில் தேடிக்கொண்டிருந்ததில் போய்விட்டது. இன்னொருவருக்கு அந்த எட்டு மாதம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். ஊசி துள்ளுகிறது, பாரம் ஏற்றினால் துள்ளாது என்று நினைத்து, ஊசி பொருத்தியிருக்கும் தலைப்பகுதியான ஹெட்ஷெல்லின் மேல் ஒரு நாணயத்தை ஒட்டினேன். வயலின் அந்தப் படியைத் தாண்டிவிட்டது. சந்தோஷத்தில் அன்று மாலை இன்னும் நாலைந்து தட்டுகளை அப்படியே போட்டுக் கேட்டேன். இன்றைய சாதாரண கார்ட்ரிட்ஜ்கள், அதாவது ஊசியைத் தாங்கும் சின்னப் பெட்டிகள், பெரும்பாலும் ஒன்றரையிலிருந்து இரண்டு கிராம் பாரத்தில் ஓட வேண்டியவை. என்னுடையது ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட். அதற்குச் சொல்லியிருக்கும் பாரம் 1.8 கிராம். நாணயமோ அதைப்போல இரண்டு மடங்கு எடை. வைரம் பதித்த முனை, ஏறக்குறைய மூன்று பங்கு பாரத்தோடு, இசை பதிந்திருக்கும் பள்ளத்தின் பிளாஸ்டிக் சுவரை உரசிக்கொண்டு போயிருக்கிறது. அந்த நாலைந்து தட்டுகளில் ஒன்றில் அதற்கு முன் இல்லாத ஒரு சரசரப்பு இப்போது நிரந்தரமாக இருக்கிறது. தயவுசெய்து நாணயம் வைக்காதீர்கள். துள்ளல் நின்றதுபோலத் தெரியும். குறை அப்படியே இருக்கும், அதன்மேல் தேய்மானமும் சேரும்.

நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. துள்ளுவது இந்த ஒரு தட்டு மட்டும்தானா? புதிதாக, கீறலே இல்லாத ஒரு தட்டைப் போட்டுப் பார்க்க வேண்டும். அதிலும் துள்ளினால், அதுவும் ஒவ்வொரு முறை ஒவ்வொரு இடத்தில் துள்ளினால், தட்டின்மேல் பழி போடக் கூடாது. குறை தட்டைச் சுழற்றும் கருவியில், அதாவது டர்ன்டேபிளில் இருக்கிறது. நான் இதை நாலாவது மாதம்தான் செய்தேன். என் வீட்டில் அப்போது துள்ளிக்கொண்டிருந்தவை முப்பதுக்கும் மேல்.

ஊசிப் பாரத்தை அளக்கிற சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கி அளந்தேன். பின்னால் எதிரெடையாக இருக்கும் கவுன்டர்வெயிட் வளையத்தில் 1.8 என்று இருந்தது. தராசு 1.1 காட்டியது. தராசுதான் சரியில்லை என்று நினைத்து மூன்று தடவை அளந்தேன். மூன்று தடவையும் 1.1. யோசித்தபோது காரணம் பிடிபட்டது. முதல்நாள் ஊசியைத் தாங்கும் கையை, அதாவது டோன்ஆர்மை, சமன் செய்தபோது ஊசியின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றவில்லை. மூடியோடு சமன் செய்து, வளையத்தைச் சுழியத்தில் வைத்து, அங்கிருந்து 1.8 வரை திருப்பியிருக்கிறேன். அப்புறம் மூடியைக் கழற்றியதும் அதன் எடை அளவுக்குப் பாரம் குறைந்துவிட்டது.

பாரம் குறைந்தால் தட்டுக்கு நல்லதுதானே என்று தோன்றும். அப்படி இல்லை. குறைந்த பாரத்தில் ஊசி பள்ளத்தின் இரண்டு சுவர்களுக்கும் நடுவில் ஆடி ஆடி மோதும். பலமான ஓசை வரும் இடங்களில் சுவரை விட்டு எழும்பித் திரும்ப விழும். அந்த மோதலில் சுவர் சேதமாகிறது. உற்பத்தியாளர் சொன்ன வரம்பின் மேல்பாதியில் வைப்பது கீழ்ப்பாதியில் வைப்பதைவிடப் பாதுகாப்பானது என்பது என் அனுபவம்.

பாரத்தைச் சரிசெய்த அன்றே துள்ளும் தட்டுகள் பாதிக்குமேல் குறைந்துபோயின. மீதிக்கு இன்னும் சில சோதனைகள். கையை ஊசிப் பாரம் இல்லாமல், காற்றில் மிதக்கிற மாதிரி சமன் செய்துகொண்டு, பக்கவாட்டில் மெல்ல ஊத வேண்டும். அது தயங்காமல் நகர்ந்து போக வேண்டும். ஏதாவது ஒரு இடத்தில் நின்றால், ஒன்று கை திரும்பும் தாங்கியில் (பேரிங்) உராய்வு இருக்கிறது, இல்லையென்றால் கையின் அடியில் வரும் மெல்லிய கம்பிகள் விறைத்துப்போய் இழுக்கின்றன. அப்புறம் கையை ஏற்றி இறக்கும் லீவர். அது முழுதும் இறங்காமல் இருந்தால் கை அதன்மேலேயே லேசாகச் சாய்ந்து ஓடும், தட்டின் உட்பகுதியில் மட்டும் துள்ளும். ஊசி ஓடும்போது கைக்கும் லீவரின் தாங்குபட்டைக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தால் போதும். டர்ன்டேபிள் சமதளத்தில் நிற்கிறதா என்று தட்டின்மேல் ஒரு ரசமட்டம் வைத்தும் பார்த்துவிடுங்கள். நடக்கும்போது மட்டும் துள்ளினால் காரணம் தரையதிர்வு. சுவரில் அறைந்த பலகைக்கு மாற்றியதும் எனக்கு அது அடங்கியது.

ஆன்டி-ஸ்கேட் என்ற குமிழைப் பற்றிப் பலரும் கவலைப்படுவதில்லை. துள்ளலைப் பொறுத்தவரை அது பெரிய விஷயம். ஊசியின் முகம் கைக்கு நேர்க்கோட்டில் இல்லாமல் கொஞ்சம் உள்நோக்கித் திரும்பியிருப்பதால், தட்டின் உராய்வு ஊசியை எப்போதும் மையத்தை நோக்கி இழுக்கிறது. அதற்கு எதிராக வெளிப்பக்கம் லேசாக இழுப்பதுதான் ஆன்டி-ஸ்கேட். அது போதாவிட்டால் ஊசி உள்ளே தாவும், பாட்டில் கொஞ்சம் காணாமல் போகும். அதிகமாகிவிட்டால் வெளியே தள்ளும், கேட்டதையே மறுபடி கேட்போம். துள்ளல் எந்தப் பக்கம் என்று கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

ஊசியையும் பாருங்கள். என் ஊசி நுனியில் சாம்பல் நிறப் பஞ்சு ஒன்று கொசுவின் கால் அளவுக்கு ஒட்டியிருந்தது. மெல்லிய பிரஷ்ஷால் பின்னாலிருந்து முன்னால், தட்டு சுழலும் திசையிலேயே, ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் ஊசியைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். பழைய ஊசி என்றால், பாடகர் 'ச', 'ஸ' உச்சரிக்கும் இடங்களைக் கேளுங்கள். தட்டின் உட்பகுதியில் அந்த எழுத்துகள் கரகரவென்று தெறித்தால், முதலில் சரியாகப் பொருத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஊசியை மாற்றிவிடுவது நல்லது.

இவ்வளவுக்குப் பிறகும் பதினோரு தட்டுகள் அதே இடத்தில் துள்ளின. சரி, இனி தட்டைப் பார்க்கலாம்.

எல்பி, நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றும் தட்டு. அது ஒரு சுற்றுக்கு எடுத்துக்கொள்வது 1.8 விநாடி. 45 சுற்றுத் தட்டுக்கு 1.33 விநாடி. துள்ளலைப் படிக்க இந்த எண்ணே போதும். 1.8 விநாடிக்கு ஒருமுறை அதே இசை திரும்பினால், ஊசி ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு வரி வெளியே தள்ளப்படுகிறது. 3.6 விநாடி என்றால் இரண்டு வரி. இசை நிற்காமல் முன்னேறிக்கொண்டே 1.8 விநாடிக்கு ஒரு 'டக்' மட்டும் கேட்டால், கீறல் பல வரிகளைக் குறுக்கே கடந்திருக்கிறது, ஆனால் எந்தச் சுவரும் உடையவில்லை. எத்தனை 'டக்' என்று எண்ணினால் எத்தனை வரி என்று தெரிந்துவிடும். இருபது நிமிடப் பக்கம் ஒன்றில் தட்டு 667 தடவை சுற்றுகிறது. அத்தனை சுற்றும் எட்டரை சென்டிமீட்டர் அகலத்துக்குள் அடங்க வேண்டும். அதாவது மில்லிமீட்டருக்கு ஏழெட்டு வரி. வரி, வரி என்று சொல்கிறேனே தவிர, உண்மையில் ஒரு பக்கத்துக்கு ஒரே பள்ளம்தான். வெளியிலிருந்து உள்ளே சுருண்டு போகிற ஒரே கோடு. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் ஆச்சரியமாக இருக்கிறது.

ஸ்டீரியோ தட்டில் இன்னொரு குறிப்பும் கிடைக்கும். பள்ளம் 'வி' வடிவம். மையத்தின் பக்கமுள்ள சுவரில் இடது ஸ்பீக்கரின் ஓசை, வெளிப்பக்கச் சுவரில் வலது ஸ்பீக்கரின் ஓசை. 'டக்' இடதுபக்கம் பலமாகக் கேட்டால் உட்சுவரில்தான் பிசிறு இருக்கிறது. வயலின் தட்டில் எனக்கு இடதுபக்கமே கேட்டது. உட்சுவரில் துருத்திக்கொண்டிருக்கும் ஏதோ ஒன்று ஊசியை வெளியே தள்ளுகிறது என்று, லென்ஸை எடுக்கும் முன்பே தெரிந்துவிட்டது.

பதினொன்றில் ஏழு, வெறும் அழுக்கு. பூஞ்சை, பழைய பிசுக்கு, எப்போதோ தெறித்துக் காய்ந்த ஏதோ ஒரு துளி. காய்ந்த துளி கண்ணுக்குத் தெரியாது, ஊசிக்கு அது பாறை. அதனால் கீறல் என்று முடிவு கட்டும் முன் கழுவிவிட வேண்டும். காய்ச்சி வடித்த நீர், அதில் வாசனை சேர்க்காத பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு துளி, மென்மையான பிரஷ். வரியின் போக்கிலேயே வட்டமாகத் தேய்த்து, வெறும் வடிநீரில் அலசி, நிமிர்த்தி வைத்து உலர்த்த வேண்டும். நடுவிலிருக்கும் லேபிளை நனைக்கக் கூடாது. பிடிவாதமான பிசுக்குக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைக் கால் பங்குக்கு மிகாமல் நீரில் கலந்து போட்டிருக்கிறேன். குழாய்த் தண்ணீரில் அலசினால் உப்பு பள்ளத்திலேயே படியும்.

ஆல்கஹாலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 78 சுற்றுத் தட்டுகள் பெரும்பாலும் அரக்கில் செய்தவை. ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும். அவற்றின்மேல் ஒரு துளிகூடப் படக் கூடாது. அந்தத் தட்டுகள் துள்ளுவதற்கு இன்னொரு எளிய காரணமும் உண்டு. 1948இல் எல்பி வந்தபோது பள்ளம் வெகுவாகக் குறுகியது, அதற்கேற்ப ஊசி முனையின் ஆரமும் சுமார் 0.025 மில்லிமீட்டருக்கு வந்தது. 78க்கு வேண்டியது சுமார் 0.075. எல்பி ஊசியை 78 தட்டில் இறக்கினால் அது சுவரைத் தொடாமல் பள்ளத்தின் அடியில் வழுக்கிக்கொண்டு போகும். தட்டில் எந்தக் குறையும் இல்லாமலே துள்ளும்.

மிஞ்சியவை நாலு. வயலின் தட்டு அதில் ஒன்று.

முதல் வேலை, இடத்தைக் கண்டுபிடிப்பது. அது திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருக்கும்போதே மோட்டாரை நிறுத்திவிட்டு, தட்டை விரலால் மெல்லத் தள்ளினேன். அவ்வளவு மெதுவாகப் போனால் ஊசி தாவுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கார்ட்ரிட்ஜ் ஒரு நூலிழை அளவு வெளியே நகர்ந்தது. ஒரு காகிதத் துண்டில் ஓட்டை போட்டு நடு முளையில் மாட்டி, அதன் ஓரத்தை ஊசிக்கு நேராகத் திருப்பி, ஊசி நின்ற தூரத்தைப் பென்சிலால் குறித்தேன். லேபிளின்மேல் காகிதம் நகராமல் இருக்க ஒரு சின்ன பாரம். அப்புறம் ஊசியை எடுத்துவிட்டு, தட்டின் மேற்பரப்போடு ஒட்டினாற்போல டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். மேலிருந்து அடிக்கிற வெளிச்சத்தில் தெரியாத கீறல், பக்கவாட்டு வெளிச்சத்தில் வெள்ளி இழையாகப் பளிச்சென்று வந்தது.

இரண்டு சென்டிமீட்டர் நீளம். மயிரிழைதான். அதன் பக்கத்தில் விரல்நகம் மாட்டுகிற ஆழத்தில் இன்னொரு கீறல், வரிகளை நேர்க்குறுக்காக வெட்டிக்கொண்டு போனது. நான் அவ்வளவு நாளும் அந்தப் பெரிய கீறலைத்தான் சந்தேகப்பட்டிருந்தேன். அது வெறும் 'டக்' சத்தத்தோடு சரி. ஊசியைத் திருப்பியனுப்பியது இந்த மயிரிழை. காரணம் அதன் சாய்வு. வரிகளோடு ஏறக்குறைய இணையாகப் போய், இரண்டு சென்டிமீட்டர் தூரத்தில் ஒரே ஒரு மில்லிமீட்டர் குறுக்கே கடக்கிறது. அது ஊசிக்கு ஒரு கிளைப்பாதை போட்டுக் கொடுத்துவிட்டது. நேர்க்குறுக்கான கீறலை ஊசி ஒரு நொடியில் தாண்டிவிடும். அந்த இடத்தில் பள்ளம் ஊசிக்கு அடியில் விநாடிக்கு 35 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. பயப்பட வேண்டியது சாய்ந்த கீறலுக்குத்தான்.

முப்பது மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தபோது, கீறலின் ஓரத்தில் பிளாஸ்டிக் எழும்பி நின்றது தெரிந்தது. உழுத மண் கொழுவின் இரண்டு பக்கமும் ஒதுங்குகிற மாதிரிதான். கூரான பொருள் பிளாஸ்டிக்கை எடுத்துக்கொண்டு போகவில்லை. ஒதுக்கித்தான் வைத்திருக்கிறது. அந்தப் பிசிறுகளில் ஒன்று உட்சுவரிலிருந்து பள்ளத்துக்குள் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அதை மறுபடி படியவைத்துவிட்டால் வழி திறந்துவிடும்.

கருவி, பல்குத்தும் மரக்குச்சி. உலோக ஊசியோ குண்டூசியோ கூடவே கூடாது, அது புதுக் கீறல் போடும். குச்சியின் முனையை பிளேடால் உளிபோலச் சீவிக்கொண்டேன். அந்த இடத்தில் ஒரு சொட்டு வடிநீர் விட்டு, டார்ச்சைச் சாய்த்து வைத்து, வரியின் போக்கிலேயே அரை சென்டிமீட்டர் தூரத்துக்கு மெல்ல இழுத்தேன். குறுக்கே ஒரு இழுப்புகூட இல்லை. அழுத்தம், காகிதத்தில் பென்சிலால் மங்கலாக ஒரு கோடு போடும் அளவுதான். ஊசி வரும் திசையில் பத்து இழுப்பு, எதிர்த்திசையில் பத்து இழுப்பு. துடைத்துவிட்டு, லென்ஸில் பார்த்துவிட்டு, போட்டுக் கேட்டேன். மாற்றமில்லை. மறுபடி இருபது. மூன்றாவது சுற்றில், துள்ளல் 1.8 விநாடியிலிருந்து 3.6 ஆனது. சோர்ந்துபோகிற இடம் அதுதான். ஆனால் அது நல்ல குறி. ஒரு வரி திறந்துவிட்டது, அடுத்ததில் முட்டுகிறது என்று அர்த்தம். பென்சில் குறியை ஒரு இம்மி உள்ளே தள்ளி வைத்து, அடுத்த வரியை ஆரம்பித்தேன்.

அந்தக் கடைசிப் பிசிறு குச்சிக்கு மசியவில்லை. அதற்கு ஒரு பழைய கார்ட்ரிட்ஜை மாட்டினேன். உருண்டை முனையுள்ள, போனால் போகட்டும் என்று ஒதுக்கிவைத்திருந்த ஊசி. மோட்டாரை அணைத்துவிட்டு, தடை இருக்கும் இடத்தைத் தாண்டி ஊசியை இறக்கி, ஹெட்ஷெல்லின் பக்கத்தில் விரலை ஒட்டினாற்போலத் துணைக்கு வைத்துக்கொண்டு, தட்டை இரண்டு மூன்று சென்டிமீட்டர் பின்னோக்கித் திருப்பினேன், பிறகு முன்னோக்கி. ஊசி வெளியே தாவப் பார்க்கும்போது விரல் அதைத் தடுக்கும், பிசிறு ஊசிக்கு வழிவிட்டுப் படியும். நல்ல ஊசியை வைத்து இதைச் செய்யாதீர்கள். பின்னோக்கி ஓட்டும்போது தண்டு வளையக்கூடும். முன்பின்னாகச் சுழற்றுவதற்கென்றே செய்த டிஜே கார்ட்ரிட்ஜ் கிடைத்தால் அது இன்னும் தோதானது.

இப்படிச் செய்யும்போது ஆன்டி-ஸ்கேட்டைச் சுழியத்துக்குக் குறைத்துவைத்தால், தட்டின் இயல்பான உள்ளிழுப்பு ஊசிக்குக் கைகொடுக்கும். தட்டு முன்னே தாவுகிற வகை என்றால் கொஞ்சம் கூட்டிவைக்க வேண்டும். வேலை முடிந்ததும் பழைய அளவுக்குத் திருப்பிவிட மறக்கக் கூடாது.

மற்ற மூன்று தட்டுகளில் இரண்டு இதேபோலச் சரியாகிவிட்டன. மூன்றாவதை நான் கெடுத்துவிட்டேன். அதில் சுவரின் ஒரு பகுதி பெயர்ந்தே போயிருந்தது. பெயர்ந்துபோனதைப் படியவைக்க முடியாது. பொறுமை இழந்து அழுத்தித் தேய்த்ததில் பக்கத்து வரியும் போயிற்று, முன்பு ஒரு இடத்தில் துள்ளியது இப்போது இரண்டு இடத்தில் துள்ளுகிறது. லென்ஸில் பிசிறுக்குப் பதிலாகப் பள்ளமே தெரிந்தால் கைவைக்காமல் விட்டுவிடுங்கள். துடைப்பதற்கு, வழுவழுப்பாக்குவதற்கு என்று எண்ணெய், மெழுகு, துரு நீக்கும் ஸ்ப்ரே எதையும் போடாதீர்கள். ஒரு வாரம் அமைதியாக இருக்கும், அப்புறம் அதன்மேல் படியும் தூசி ஊசியோடு சேர்ந்து பசையாகிவிடும்.

நெளிந்த தட்டைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. வெயிலில் நெளிந்த ஒன்றை இரண்டு கனத்த கண்ணாடிகளுக்கு நடுவில் வைத்து மிதமாகச் சூடாக்கித் தட்டையாக்கினேன். தட்டையானது. மெல்லிய இரைச்சல் ஒன்றும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. சூட்டில் தட்டு இளகும்போது பள்ளமும்தானே இளகுகிறது. லேசான நெளிவு என்றால் நடு முளையில் மாட்டும் கிளாம்ப் போதும். ஊசி தாவுகிற அளவுக்கு நெளிந்து, வேறு பிரதியும் கிடைக்காத தட்டுக்கு மட்டும் சூடு காட்டலாம் என்பேன்.

வயலின் தட்டு எட்டாவது மாதம், ஒரு ஞாயிறு மாலை தாண்டியது. நல்ல ஊசியை மாட்டி, பாரத்தை 1.8க்கு வைத்து, ஆன்டி-ஸ்கேட்டைத் திருப்பிவிட்டு, பக்கத்தின் ஆரம்பத்திலிருந்தே போட்டேன். அந்த இடம் நெருங்க நெருங்க என் கை தானாக லீவரின் பக்கம் போனது. வயலின் ஏறியது. 'டக்'. ஏறிக்கொண்டே இருந்தது. மறுபடி 'டக்', ஆனால் இசை அடுத்த படியில் இருந்தது. எண்ணினேன், மொத்தம் எட்டு. ஒன்பதாவதாக வரவேண்டிய இடத்தில் சத்தமில்லை. வயலின் உச்சியைத் தொட்டு, அங்கே கொஞ்ச நேரம் நின்று, நான் அதுவரை கேட்டேயிராத ஒரு வளைவில் கீழே இறங்கியது.